தலை மட்டும் அடிக்குப் பழகாது

ஈரோட்டுப் பக்கமிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து ஆறு ஆண்டுகள் கராத்தே பயின்று பிரவுன் பெல்ட் வரை வந்தவர். சென்ற ஆண்டு ஒரு மாலை, கூட்டமான பேருந்தில் ஒருவன் இவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்திருக்கிறான். "ஆறு வருஷம் கற்றதில் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. வாயும் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டி சத்தம் போட்ட பிறகுதான் அவன் விட்டான்" என்று எழுதியிருக்கிறார்.

அந்த வெட்கத்தில் கராத்தேயை விட்டுவிட்டு, 'நிஜச் சண்டைக்கான தற்காப்பு' என்று சொல்லி நடத்தும் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். அங்கே ஞாயிறுதோறும் முழு வேகத்தில் ஸ்பாரிங், அதாவது எதிராளியோடு பயிற்சி மோதல். மூன்று வாரங்களுக்கு முன், தன்னைவிட 20 கிலோ கூடுதல் எடையுள்ள ஒருவருடன் மோதியபோது இடது நெற்றிப்பொட்டில் ஒரு குத்து. கீழே விழவில்லை, இரண்டு நொடி எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது, ரவுண்டை முடித்துவிட்டார். அன்றிரவு குமட்டல், அடுத்த நான்கு நாள் தலைவலி. அலுவலகத்தில் ஒரே பில்லை மூன்று முறை கூட்டியும் மூன்று வேறு தொகைகள் வந்தன. சி.டி. ஸ்கேன் எடுத்தார், நார்மல். அடுத்த ஞாயிறே திரும்பப் போனார். லேசான ஒரு தட்டுக்கே மறுபடி இரண்டு நாள் தலைவலி. இப்போதும் மாலையில் கணினித் திரையைப் பார்த்தால் தலை கனக்கிறது. மாஸ்டர், "ஆரம்பத்தில் எல்லாருக்கும் இப்படித்தான், தலை பழகிவிடும், ஹெல்மெட் போட்டுக்கொள்" என்கிறார். அம்மாவோ எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார். வரும் ஞாயிறு அடுத்த நிலைக்கான டெஸ்ட்.

இவர் கேட்பவை மூன்று: டெஸ்டுக்குப் போகலாமா? ஆறு வருஷக் கராத்தே வீணா? ஸ்பாரிங்கை விட்டால் மறுபடி அன்றுபோல் உறைந்துபோவேனா?

சகோதரி, முதல் கேள்விக்கு மட்டும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறேன். வரும் ஞாயிறு போகாதீர்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசுவோம், அதற்கு நேரம் இருக்கிறது.

முதலில் தலை

உங்களை நேரில் பரிசோதிக்காமல் உறுதியாக எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் வெள்ளையாகத் தெரிந்தது, குமட்டல், நான்கு நாள் தலைவலி, கூட்டல் தடுமாறியது எல்லாம் சேர்ந்தால் கன்கஷன் என்கிற மூளை அதிர்வாகத்தான் மருத்துவராக நான் எடுத்துக்கொள்வேன். "மயங்கி விழவில்லையே" என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டில் வரும் மூளை அதிர்வில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் மயக்கமே வருவதில்லை. நின்றுகொண்டே, பேசிக்கொண்டே, ரவுண்டை முடித்துக்கொண்டேதான் இது வருகிறது.

ஸ்கேன் நார்மல் என்பதும் நல்ல செய்திதான், ஆனால் நீங்கள் நினைக்கும் அர்த்தத்தில் அல்ல. உள்ளே ரத்தக் கசிவு இருக்கிறதா, எலும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் சி.டி. எடுப்பது. மூளை அதிர்வு என்பது மூளை வேலை செய்யும் விதத்தில் சில நாள், சில வாரம் வரும் கோளாறு. அது படத்தில் விழாது. உங்கள் பில் கூட்டல்தான் அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

இப்போது மாஸ்டர் சொன்ன 'பழகிவிடும்'. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். உடம்பில் சில இடங்கள் உண்மையிலேயே பழகும். பஞ்சிங் பேக்கை உதைத்து உதைத்துக் கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு கெட்டிப்படும்; விரல் முட்டியின் தோல் காய்த்துப்போகும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் தலையையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு தூக்குவாளியில் மோரை ஊற்றி, வாளியைச் சட்டென்று அரைவட்டம் திருப்பிப் பாருங்கள். வாளி திரும்பிவிடும், மோர் ஒரு கணம் பிந்தித்தான் சுற்றும். பக்கவாட்டுக் குத்து தாடையையோ நெற்றிப்பொட்டையோ திருப்பும்போது மண்டையோட்டுக்குள் மூளை படுவதும் அதுதான். வாளிக்கு வெளியே துணி சுற்றினால் மோர் ஆடாமல் இருக்குமா? ஹெல்மெட்டும் அப்படித்தான். புருவம் கிழியாமல், காது வீங்காமல் காக்கும். மூளை அதிர்வைத் தடுக்கும் என்று அதை நம்ப முடியாது. ஒலிம்பிக் குத்துச்சண்டையை அப்போது நடத்திவந்த ஐபா (AIBA) என்ற உலக அமைப்பு 2013-ல் ஆண்கள் பிரிவில் தலைக்கவசத்தையே எடுத்துவிட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர்கள் வெறுந்தலையோடுதான் ஆடினார்கள். அந்த முடிவு சரியா என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் 'ஹெல்மெட் போட்டால் முழு வேகத்தில் அடிக்கலாம்' என்று சொல்ல மருத்துவத்தில் இடமில்லை. மவுத் கார்டும் முக்கியமாகப் பல்லுக்குத்தான் காவல். அதைக் கட்டாயம் போடுங்கள், பல்லுக்காக.

தலை பழகாது என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், அடி வாங்கி வாங்கித் தள்ளாடும் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி 1928-லேயே மருத்துவ இதழில் எழுதினார். பெரிய அடி ஒன்று மட்டுமல்ல, மயக்கம் தராத சின்னச் சின்ன அடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்வதும் கெடுதல் என்று இப்போது அறிகிறோம்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய கவலை இரண்டாவது ஞாயிறுதான். முதல் அடி ஆறுவதற்குள் மறுபடி நின்றீர்கள், லேசான தட்டுக்கே வலி திரும்பியது. ஆறாத மூளை இரண்டாவது அடியைத் தாங்காது. பெரும்பாலும் குணமாக நாள் கூடும். மிக அரிதாக, குறிப்பாக இளம் வயதினருக்கு, மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே இந்த வாரமே ஒரு நரம்பியல் மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பாருங்கள். அதற்கிடையில் தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், பேச்சு குழறினால், கை கால் மரத்தால், எழுப்பினாலும் எழ முடியாத தூக்கம் வந்தால், வலிப்பு வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

திரும்பி வருவதற்கும் ஒரு படிக்கட்டு உண்டு. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய மருத்துவர் குழு தந்த முறைதான் இப்போது பெரும்பாலும் நடைமுறையில் இருக்கிறது. அடிபட்ட முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. இருட்டறையில் படுத்துக் கிடப்பதல்ல. திரையைக் குறைத்து, வீட்டுக்குள் நடமாடும் ஓய்வு. அப்புறம் வேகநடை அல்லது சைக்கிள். அடுத்து, யாரும் எதிரில் இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவுகள். பிறகு பேடில் (இன்னொருவர் கையில் பிடிக்கும் பயிற்சி மெத்தையில்) குத்து, உதை. மருத்துவர் சரி என்ற பிறகே எதிராளியோடு. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழுநாள். பேட் பயிற்சிக்கு வருவதற்கு முன் தலைவலி முற்றிலும் போயிருக்க வேண்டும், திரை முன்னால் உட்கார்ந்தாலும்கூட. பிரிட்டனில் 2023-ல் அடிமட்ட விளையாட்டுகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பவே கூடாது என்கிறது. உங்களுக்கு அந்தக் கணக்கை இரண்டாவது அடியிலிருந்து தொடங்குங்கள்.

தனியாகச் செய்யும் அசைவு என்றேனே, நீங்கள் வீண் என்று எழுதிய கட்டாதான், வரிசை மாறாமல் தனியே செய்யும் அந்த அசைவுத் தொகுப்புதான், அந்தப் படிக்கு ஏற்றது. மெதுவாக, சட்டென்று திரும்பும் இடங்களில் நிதானித்துச் செய்யுங்கள்.

ஸ்பாரிங் வேண்டாம் என்று சொல்லவில்லை

இதுவரை படித்த உங்கள் அம்மா மகிழ்ந்திருப்பார். ஆனால் நான் அவர் பக்கமும் முழுசாக இல்லை. கல்லூரி நாட்களில் ஜூடோ ஆடியவள் நான். எதிர்க்கும் ஆளோடு பழகாத வித்தை கைக்கு வராது என்பதில் உங்கள் புதிய மாஸ்டர் சொல்வதே சரி.

உங்கள் பழைய வகுப்பு எப்படி நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. எதிரில் நிற்பவர் ஒரே ஒரு பன்ச் விடுவார், கையை நீட்டியபடி சிலை மாதிரி நிற்பார், நீங்கள் தடுத்து, மடக்கி, மூன்று அடி வைப்பீர்கள். மணிக்கட்டை விடுவிக்கும் முறையையும் அப்படித்தான் கற்றிருப்பீர்கள். பிடித்தவனின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பிடியின் பலவீனம். முன்கையின் மெல்லிய விளிம்பை அந்தப் பக்கம் திருப்பி இழுக்க வேண்டும். முறை சரிதான். ஆனால் தோழி செல்லமாகப் பிடித்த கையில் பழகியதை, உண்மையிலேயே இறுக்கிப் பிடித்து இழுப்பவனிடம் செய்தால் கை மட்டும் அசையும், பிடி அசையாது. அவன் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்து, முழங்கையை மடக்கி, இடுப்போடு சேர்த்துத் திரும்ப வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்து வராது. விடமாட்டேன் என்று பிடிக்கும் ஒருவரிடம் ஐம்பது முறை தோற்றால்தான் வரும்.

அந்தத் தோல்விதான் பயிற்சி. அதற்குத் தலையில் ஒரு குத்துகூடத் தேவையில்லை.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-ல் டோக்கியோவில் பள்ளி தொடங்கியபோது இதைத்தான் செய்தார். ஜுஜுட்ஸு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையில் இருந்த குத்து, உதை போன்ற ஆபத்தான முறைகளைக் கட்டாவுக்குள் ஒதுக்கிவைத்தார். மிச்சமிருந்த வீசுதல், பிடித்தல் ஆகியவற்றை ராண்டோரி என்ற சுதந்திர மோதலில் இருவரும் முழுப் பலத்தோடு பழகவிட்டார். கொடிய அடியை எடுத்துவிட்டதால்தான் மிச்சத்தை முழு மூச்சாகப் பழக முடிந்தது. 'அடி பலமாக இருந்தால்தான் நிஜம்' என்று நினைப்பவர்கள் இதைத்தான் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். முவே தாய் என்ற குத்து-உதைச் சண்டை பிறந்த தாய்லாந்தில் போய்ப் பாருங்கள். ரிங்கில் எலும்பு நொறுங்க உதைப்பவர்கள், முகாமில் ஸ்பாரிங் செய்யும்போது விளையாட்டுப் பிள்ளைகள் போலத் தொட்டுத் தொட்டு ஆடுவார்கள். சண்டைதான் அவர்களுக்குச் சோறு. பயிற்சியில் காயப்பட்டால் அந்த மாதச் சம்பாத்தியம் போச்சு.

கராத்தேயும் கையாலாகாத வித்தையல்ல. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில் நடந்த ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட குமித்தே (நேருக்கு நேர் மோதும் கராத்தே) இறுதிப் போட்டியை முடிந்தால் தேடிப் பாருங்கள். சவூதியின் தாரெக் ஹமேதி புள்ளியில் முந்தியிருந்தார். அவர் விட்ட உதை ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்சாதே தலையில் இறங்கியது. ஈரான் வீரர் நினைவிழந்து விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். தங்கம் அவருக்குத்தான். கட்டுப்பாடு இல்லாமல் தலையில் அடித்ததற்காக ஹமேதி தகுதி இழந்தார். 'விழுந்தவனுக்குத் தங்கமா' என்று அன்று பலர் கோபப்பட்டார்கள். மருத்துவராக எனக்கு அந்த விதிமேல் மரியாதை கூடியது. உங்கள் ஆறு வருஷத்தில் தூரம் பார்க்கவும், கால் வைக்கவும், அடியை ஒரு அங்குலம் முன்னால் நிறுத்தவும் கற்றிருக்கிறீர்கள். அது வீணல்ல. அதன்மேல் எதிர்க்கும் ஆள் ஒருவரைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்று பேருந்தில் நடந்தது

இதைக் கோழைத்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். திடீர் ஆபத்தில் ஓடுவது, எதிர்ப்பது போல உறைந்து நிற்பதும் உடம்பின் தானியங்கிச் செயல். முயல் பருந்தின் நிழலைக் கண்டால் அசையாமல் ஒடுங்குகிறதே, அதே மாதிரி. ஸ்வீடனில் பாலியல் வன்முறைக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017-ல் வெளியான ஆய்வில், 70 விழுக்காட்டினர் அந்த நேரத்தில் உடல் குறிப்பிடத்தக்க அளவு உறைந்துபோனதாகச் சொன்னார்கள். உங்களுக்கு நடந்தது அதைவிடச் சிறியதுதான். ஆனால் மூளை முதல் நொடியிலேயே அளவு பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை.

முழு வேக ஸ்பாரிங் இதை மாற்றுமா? ஓரளவுக்குத்தான். ஸ்பாரிங்கில் 'ஹாஜிமே' (தொடங்கு) என்று சொன்ன பிறகு சண்டை தொடங்குகிறது. எதிரில் யார் என்று தெரியும், கிளவுஸ் மாட்டியிருக்கிறீர்கள், சம்மதித்து நிற்கிறீர்கள். பேருந்தில் இது எதுவுமே இல்லை. சுற்றி நாற்பது பேர், தோளில் பை, 'தெரியாமல் பட்டிருக்குமோ' என்ற சந்தேகம், 'சத்தம் போட்டால் என்ன நினைப்பார்கள்' என்ற கூச்சம். உங்கள் கையைக் கட்டிப்போட்டது அந்தச் சந்தேகமும் கூச்சமும்தான். அதற்கான பயிற்சி வேறு.

கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரிடம் ஒரு பயிற்சியைச் சோதித்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் 12 மணி நேரம். அதில் உடம்பால் எதிர்ப்பது ஒரு பகுதி மட்டுமே. மிச்ச நேரமெல்லாம் ஆபத்தை முன்கூட்டி உணர்வது, தெரிந்த ஆள் எல்லை மீறும்போது வரும் தயக்கத்தை உடைப்பது, உரத்து மறுப்பது. ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, பயிற்சி பெறாதவர்களில் 9.8 விழுக்காட்டினர் வல்லுறவுக்கு ஆளாகியிருந்தார்கள்; பயிற்சி பெற்றவர்களில் 5.2. கிட்டத்தட்டப் பாதி. மாணவிகள் அங்கே பல் உடையச் சண்டை போடவில்லை. நம் நாட்டிலும் பதிவாகும் வல்லுறவு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றவாளி தெரிந்தவன்தான். இருட்டுச் சந்தில் பாயும் அந்நியனை மட்டும் மனதில் வைத்து நடக்கும் வகுப்பு 'நிஜம்' என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இதனால்தான் தயக்கம்.

ஆகவே தோழி ஒருத்தியைக் கூப்பிட்டு இப்படிப் பழகுங்கள். இரண்டு நாற்காலியைப் பேருந்து இருக்கைபோல் போட்டு, பையை மாட்டிக்கொண்டு நில்லுங்கள். அவள் எப்போது பிடிப்பாள் என்று சொல்லக் கூடாது. பிடித்த நொடி உங்கள் வேலை ஒன்றுதான்: "கையை எடு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்துவது. கை அப்புறம் பார்த்துக்கொள்ளும். முதல் நாள் குரல் வராது, சிரிப்பு வரும். பத்தாவது நாள் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். கத்தும்போது மூச்சு வெளியே போகிறது. உறைந்த உடம்புக்கு முதல் அசைவு அதுதான். கராத்தேயில் அடிக்கும்போது நீங்கள் ஆயிரம் முறை போட்ட கியாய் என்ற கத்தல் இதற்குத்தான் உதவும். அன்று அந்தப் பாட்டியைக் காப்பாளராக்கியதும் குரல்தான்.

அந்த நினைவு இன்னும் தூக்கத்தைக் கெடுத்தால், அதே வழிப் பேருந்தை நீங்கள் தவிர்த்து வந்தால், ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். ஸ்பாரிங் ரிங் அதற்கான இடமல்ல.

மாஸ்டரிடம் கேட்க வேண்டியவை

வகுப்பை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போய்ப் பேசுங்கள் என்கிறேன். தலையில் அடிபட்டவரை அன்றே நிறுத்தி, மருத்துவர் சீட்டு இல்லாமல் திரும்பச் சேர்ப்பதில்லை என்ற வழக்கம் அங்கே உண்டா? 20 கிலோ வித்தியாசத்தில் ஜோடி சேர்க்கும்போது வேகத்தை யார் கட்டுப்படுத்துகிறார்? 'மெதுவாக' என்று நீங்கள் சொன்னால் எதிராளி குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி இருக்கிறதா? தலையை விட்டுவிட்டு உடம்புக்கு மட்டும் ஸ்பாரிங், பிடி விடுவித்தலில் மட்டும் முழு எதிர்ப்பு என்று உங்களுக்குப் பிரித்துத் தருவாரா?

நல்ல மாஸ்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அவரிடம் பதில் ஏற்கெனவே இருக்கும். "பயந்தால் வராதே" என்று பதில் வந்தால் அந்த வகுப்பில் உங்கள் தலையை ஒப்படைக்காதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை

கண்ணைக் குத்தவும் முழங்கால் மூட்டை உடைக்கவும் அங்கே கற்றுத் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டம் என் துறையல்ல. அடிப்படை மட்டும் சொல்கிறேன். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா தற்காப்பு உரிமையை நமக்குத் தருகிறது. காத்துக்கொள்ளத் தேவையானதைவிடக் கூடுதல் தீங்கு செய்யக் கூடாது என்று 37-ஆம் பிரிவில் எல்லையும் போட்டிருக்கிறது. பிடியிலிருந்து விடுபட அடிப்பது வேறு, விட்டு ஓடுபவனைத் துரத்தி மூட்டை உடைப்பது வேறு. பேருந்தில் உங்களுக்கு நடந்ததே குற்றம்தான். 181 பெண்கள் உதவி எண்ணும், அவசரத்துக்கு 112-ம் கைபேசியில் இருக்கட்டும்.

அம்மாவிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். மகள் தலைவலியோடு வீட்டுக்கு வருவதைப் பார்த்துத்தான் அவர் நிறுத்தச் சொல்கிறார். அவர் கண்டது சரியாகத்தான் இருந்தது. குணமான பிறகு மணிக்கட்டைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டால் அவரையே பிடிக்கச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துப் போங்கள்: இரண்டு அடிகளும் பட்ட தேதி, எந்தப் பக்கம், அதன்பின் ஒவ்வொரு நாளும் தலைவலி எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நின்றது, திரையை எவ்வளவு நேரம் பார்க்க முடிகிறது, தூக்கம் எப்படி, என்ன மாத்திரை போட்டீர்கள். அந்த மூன்று கூட்டல் தொகை விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். ஸ்கேன் படத்தையும் கொண்டுபோங்கள்.